கானாவூர் கல்யாணமும் ஒரு பொட்டலம் தால்சாவும்

தால்சா கொட்டிவிட்டது.

தரையில் கொட்டியிருந்தால் துடைத்துவிடலாம். வேட்டியில் கொட்டியிருந்தால் ஊறவைத்துவிடலாம். பவுல்ராஜுக்குக் கொட்டிய இடம் சரியில்லை. அவர் மனைவி ஜோஸ்பின் இரண்டு மாதமாகப் பாடுபட்டுச் செய்த படத்தின் மேல், வலது மூலையில், கத்திரிக்காய்த் துண்டு சகிதம் கொட்டியிருந்தது.

"சேசுவே" என்றார், மெதுவாக. வாயில் கறித்துண்டு இருந்ததால் அதற்கு மேல் சொல்ல முடியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்னவோ அவருக்கு அருமையாகத்தான் விடிந்தது. மதுரையில் கொழுந்தியாள் நான்சிக்குப் பெண் குழந்தை பிறந்திருப்பதாகப் போன் வர, ஜோஸ்பின் பூசைக்குக்கூட நிற்காமல் முதல் பஸ்ஸைப் பிடித்துவிட்டாள். சோறும் ரசமும் அவரைக்காய் வெஞ்சனமும் அடுப்படியில் மூடி வைத்திருந்தாள். பவுல்ராஜ் மூடியைத் திறந்து அவரைக்காயைப் பார்த்தார். பிறகு மரியாதையாக மூடிவிட்டார். பூசை முடிந்து வரும் வழியில் ஒரு மட்டன் பிரியாணி வாங்கினார். கூடவே தொட்டுக்கொள்ள ஒரு பொட்டலம் தால்சா.

வந்த மனுஷன் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டிருந்தால் இந்தக் கதையே கிடையாது. இரண்டு மாதமாகத் தரையில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முட்டி வலிக்கும். ஆனால் வேறு வழியில்லை. சாப்பாட்டு மேசையை ஜோஸ்பினின் கலை பிடித்துக்கொண்டிருந்தது.

ஆரம்பித்து வைத்தவள் அடுத்த வீட்டு நர்கீஸ். வீட்டிலேயே பியூட்டி பார்லர் நடத்துகிறவள். அவள் புருஷன் நைனா முகமது துபாயிலிருந்து வந்தபோது, ஸ்பிரிட்டில் கரைத்த கலர் மைகளை ஒரு பெட்டி கொண்டுவந்தான். வழவழப்பான தாளில் ஒரு சொட்டு விட்டு, பார்லர் ஹேர் டிரையரால் சூட்டுக் காற்றை அடித்தால், மை ஓடிப் பரவிப் பூவாக விரியும். அது காய்ந்ததும் மேலே இன்னொரு கலர். அதன் மேல் ஜிகினாத் தாள். அதன் மேல் மெழுகு. மறுபடியும் சூடு.

"அடுக்கடுக்கா வரணுங்க. அதுதான் அழகு" என்று ஜோஸ்பின் விளக்கினாள்.

"பரோட்டாவா?" என்று கேட்டார் பவுல்ராஜ்.

அதோடு விட்டிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே. அவள் முதல் படத்தைச் சுவரில் மாட்டிய அன்று வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருந்தார்கள். அவர்கள் முன்னால், "முட்டைப் பொரியல் தீஞ்சு போனாலும் இனிமே தூக்கிப் போட மாட்டா, சட்டம் போட்டு மாட்டிருவா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஜோஸ்பினும் சிரித்தாள். அவர்கள் போனபின் படத்தைக் கழற்றி, பீரோவுக்குப் பின்னால் சொருகினாள்.

"இனிமே என் படத்த நீங்க வீட்டுல பாக்க வேணாம். திருவிழாவுக்கு மாதர் சங்கத்துல கண்காட்சி வைக்கிறாக. அங்க வந்து நாலு பேரோட நாலு பேரா நின்னு பாத்துக்கங்க."

சொன்னபடியே செய்தாள். அவர் பூட்டுக் கடைக்குப் போனபிறகுதான் மேசையில் வேலை நடக்கும். திரும்பி வருவதற்குள் படம் எங்கேயோ மறைந்திருக்கும். பேசாமல் இருந்தாலாவது சண்டை என்று ஒரு பேர் வைக்கலாம். பேசினாள். பால்காரர் வந்தாரா, கரண்ட் பில் கட்டியாச்சா, அம்புட்டுத்தான். பகலில் அவளும் நர்கீஸும் சேர்ந்து சிரிக்கிற சிரிப்பு தெருமுனை வரைக்கும் கேட்கும். இவர் வாசலில் செருப்பைக் கழற்றினதும் நின்றுபோகும். பவுல்ராஜுக்கு நெஞ்சுக்குள் முள் தைத்தது அங்கேதான். அந்தச் சிரிப்பு அவருக்கு வேண்டும். இன்றைக்குச் சாயங்காலம் கண்காட்சி மண்டபத்தில், அவள் படத்தில் என்ன இருந்தாலும் இல்லாவிட்டாலும், "பிரமாதம்" என்று ஊரே கேட்கச் சொல்லிவிடுவது என்று முடிவு கட்டியிருந்தார்.

அந்தப் படத்தின் மேல்தான் இப்போது தால்சா.

அன்றைக்கு மேசை காலியாகத்தான் இருந்தது. அடியில் மை வழிந்து காய்ந்த பாட்டில்கள் அலமாரியில் வரிசையாக ஏறியிருந்தன. நடுவில் படம் மட்டும் கிடந்தது. அவசரத்தில் ஒளித்துவைக்க மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தார். அதை இரண்டு விரலால் பயபக்தியோடு ஓரமாக நகர்த்திவிட்டுத்தான் இலையை விரித்தார். தால்சாப் பையின் ரப்பர் பேண்ட் அவிழவில்லை. பல்லால் இழுத்தார். அது பட்டென்று அறுந்தது.

கையைக் கழுவிக்கொண்டு வந்து, முதல் தடவையாகப் படத்தை உற்றுப் பார்த்தார். ஊதாவும் நீலமும் பச்சையும் குங்குமச் சிவப்பும் ஒன்றன் மேல் ஒன்று ஓடிக் கிடந்தன. என்ன படம் என்று அவருக்குத் தெரியும். ஜோஸ்பின் நான்சியிடம் போனில் சொன்னதை ஒட்டுக் கேட்டிருந்தார். கானாவூர் கல்யாணம். சேசுநாதர் தண்ணீரைத் திராட்சை ரசமாக மாற்றிய ஆறு கல்தொட்டிகள். அவர் எண்ணிப் பார்த்தார். ஊதா நிறத்தில் ரூபாய்க் காசு அகலத்துக்கு வட்டங்கள். ஒன்று, இரண்டு, மூன்று. ஆறேதான்.

"மேல இருந்து பாத்தா தொட்டி வட்டமாத்தான தெரியும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவருக்கு உடம்பு சிலிர்த்தது. எம்புட்டு அறிவு என் பொண்டாட்டிக்கு.

எண்ணெயை ஒற்றி எடுக்க அட்டையைத் திருப்பினால், பின்னால் மாதா படம். கீழே 'பவுல்ராஜ் பூட்டுக் கடை, திண்டுக்கல்'. அவர் கடைக்குப் போட்ட போன வருஷக் காலண்டர் அட்டை. மாதா படத்தை யார் குப்பையில் போடுவார்கள்? வருஷம் முடிந்தும் வீட்டில் நாலைந்து கிடந்தன. அவள் அதன் பின்பக்கத்தில் தன் படத்தை வரைந்திருக்கிறாள். தாள் வாங்கக் காசா இல்லை? புருஷன் கடை அட்டை என்று ஒரு பிரியம்தான். பவுல்ராஜின் கண் கலங்கிவிட்டது. தால்சாக் காரமும் கொஞ்சம் இருந்திருக்கலாம்.

இதை எப்படியாவது சரி செய்தே ஆகவேண்டும். சாவி தொலைந்த பூட்டையெல்லாம் ஊசி விட்டுத் திறக்கிறவர் அவர். ஒரு கறை என்ன பெரிய கறை.

ஈரத்துணியால் துடைத்தார். எண்ணெய் அசையவில்லை. அலமாரியில் ஸ்பிரிட் பாட்டில் இருந்தது. கறைக்கு ஸ்பிரிட் என்பது யாருக்கும் தெரிந்ததுதானே. பஞ்சில் நனைத்து மூலையில் ஒற்றினார்.

தால்சா அப்படியே நின்றது. மற்றதெல்லாம் ஓடியது. ஊதா கரைந்து நீலத்துக்குள் போனது. நீலம் பச்சைக்குள் போனது. மூலைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு வட்டம் மெல்ல அகன்று, வெளிறி, அவர் கண் முன்னாலேயே காணாமல் போனது.

மறுபடி எண்ணினார். ஐந்து.

அந்த நேரம் பார்த்துப் போன் மணி அடித்தது.

"சாப்டீங்களா?" என்றாள் ஜோஸ்பின்.

"சாப்பிட்டேன். அவரைக்காய் பிரமாதம்."

"குழந்தை நான்சிய உரிச்சு வச்சிருக்கு. இங்க எல்லாரும் நல்லா இருக்காக. நான் நேரா மண்டபத்துக்கு வந்துருவேன். அப்புறம், மேசையில கெடக்கத அப்படியே விட்டுருங்க. எடுத்து வைக்கிறேன் துடைக்கிறேன்னு ஒண்ணையும் தொட வேணாம். நான் வந்து பாத்துக்கிறேன்."

"தொடுவேனா ஜோஸ்பின்? என்ன பேசுற நீ?" பஞ்சைப் பின்னால் மறைத்துக்கொண்டார். போனில் தெரியாது என்பது அப்போது தோன்றவில்லை.

அழத் தொடங்கிய குழந்தையை அவள் சமாதானப்படுத்துவது கேட்டது. பிறகு, "மண்டபத்துல படத்தப் பாத்துட்டு நீங்க ஒண்ணும் சொல்ல வேணாங்க. சும்மா பக்கத்துல நின்னாப் போதும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அதைக் கேட்டபின் ஒரு மனுஷன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியுமா? தொட்டி ஐந்தாக இருந்தால் விவிலியமே தப்பாகிவிடும். ஊதா மையைத் தட்டில் ஊற்றினார். காப்பி டம்ளரின் அடிப்பக்கத்தை அதில் முக்கி, காணாமல் போன இடத்தில் ஓங்கி ஒரு முத்திரை வைத்தார். வட்டம் கச்சிதமாக விழுந்தது. மற்ற ஐந்தையும்விட மூன்று மடங்கு பெரிதாக விழுந்தது. போதாததற்கு மை காயாமல் கீழ்நோக்கி ஒழுகத் தொடங்கியது.

சூடு காட்டினால்தான் நிற்கும். நர்கீஸ் வீட்டுக்கு ஓடினார். பூட்டு தொங்கியது. அவர் கடைப் பூட்டுத்தான். வத்தலக்குண்டில் ஒரு கல்யாணத்துக்குப் பெண் அலங்காரம் செய்யப் போயிருப்பதாக அந்த வீட்டு வாசலில் கோலமாவு விற்றுக்கொண்டிருந்த அம்மாள் சொன்னாள். ஹேர் டிரையரும் கூடவே போயிருக்கும்.

எதிர்த்த கடையில் சங்கிலி இருந்தான். பைக்குக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறவன். அவனிடம் ஹீட் கன் என்று ஒன்று உண்டு. ஹேர் டிரையருக்குப் பெரியப்பா மாதிரி. ஸ்டிக்கர் சுருங்காமல் ஒட்டுவதற்குச் சூட்டுக் காற்று அடிப்பது.

சங்கிலி வந்து படத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தான்.

"இதென்னண்ணே, தொட்டியா கெணறா?"

"தொட்டிதான்டா. கொஞ்சம் பெருசாப் போச்சு. ஒழுகுது பாரு, சீக்கிரம் காய வையி. அந்தத் தொழில்ல நீ கில்லாடில்ல."

கில்லாடி என்ற வார்த்தை சங்கிலியின் தலைக்கு ஏறிவிட்டது. "பெட்ரோல் டேங்குல ரெக்கை விரிச்ச கழுகையே ஒட்டுறவன் நானு. இதெல்லாம் சும்மாண்ணே" என்று சூட்டை முழுசாக வைத்து விசையை அழுத்தினான்.

காற்று அடித்த வேகத்தில் பெரிய தொட்டியில் இருந்த மை பத்துக் கால் முளைத்து நாலா பக்கமும் ஓடியது. நடுவில் ஓர் இடம் மஞ்சளாகி, பழுப்பாகி, புகைந்தது. ஒரு சாண் நீளத்துக்கு ஒரு கருகல். அதன் இரண்டு பக்கமும் கை விரித்தாற்போல இரண்டு கருகல். அட்டை எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி வளைந்து எழுந்தது.

"காஞ்சிருச்சுண்ணே" என்றான் சங்கிலி.

"எதுடா காஞ்சுச்சு? என் குடும்பம்லடா காஞ்சு போச்சு."

"பதறாதீக. வளைஞ்சுதான இருக்கு. அயன் பாக்ஸ வச்சு ஒரு இழு இழுத்தா நேராயிரும்."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்கள். குரங்கோடு நிறுத்தியவன் பிழைத்துக்கொள்வான். பவுல்ராஜ் அதற்கு வாலும் வைக்கக் கிளம்பினார். அயன் பாக்ஸைச் சூடேற்றினார். மை பாக்ஸில் ஒட்டிவிடக் கூடாதே என்று முன்யோசனையாக நடுவில் அன்றைய ஞாயிறு பேப்பரை ஒரு தாள் விரித்தார். சங்கிலி அட்டையைப் பிடிக்க, அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு மெல்ல மெல்லத் தேய்த்தார்.

அட்டை நேரானது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். பிறகு பேப்பரை உரித்தார்கள்.

முக்கால்வாசி வந்தது. கால்வாசி வரவில்லை. படத்தின் இடது பக்கம் முழுக்க, ஈரமையில் ஊறிக் கெட்டியாக ஒட்டிக்கொண்டு, 'மணமகள் தேவை' என்றது. அதன் கீழே 'ஆர்.சி. கிறிஸ்தவர், 29, அரசுப் பணி, நல்ல குடும்பம்' என்றது.

பவுல்ராஜ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே" என்றான் சங்கிலி தயங்கித் தயங்கி. "கல்யாணப் படந்தான? பொருத்தமாத்தான் இருக்கு."

"ஏலே, நீ வீட்டுக்குப் போ."

அவன் போகவில்லை. நல்ல பையன்தான். கெடுத்ததைப் பாதியில் விட்டுப் போகும் பழக்கம் அவனுக்கில்லை. "மேல எதையாச்சும் தூவி மறைப்போம். அக்கா ஜிகினாவெல்லாம் ஒட்டுமாமே" என்றான்.

ஜிகினா எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. ஆனால் பூட்டுக் கடைக்காரர் வீட்டில் பித்தளைத் தூளுக்கா பஞ்சம்? சாவி ராவும்போது விழுகிற தூளைப் பவுல்ராஜ் டப்பாவில் சேர்த்து வைத்திருந்தார். மணமகள் தேவையின் மேல் பெவிகாலைத் தடவினார். அதன் மேல் பித்தளைத் தூளைக் கவிழ்த்தார். தங்கத்தில் செய்த மாதிரி தகதகவென்று மின்னியது. அவருக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

"செத்த நேரம் காத்தாடக் காயட்டும்ணே" என்று சொல்லிக்கொண்டே சங்கிலி பேன் சுவிட்சைப் போட்டான்.

பித்தளைத் தூள் எழுந்து பறந்து ஆறு தொட்டியிலும் கருகலிலும் தால்சாவிலும் பவுல்ராஜின் மீசையிலும் சமமாகப் படிந்தது. மணமகள் தேவை மறுபடியும் பளிச்சென்று தெரிந்தது.

பேனை நிறுத்தினார்கள். வாசலில் சைக்கிள் மணி கேட்டது. கோயில் உபதேசியார்.

"பவுலு, எல்லாப் படமும் வந்திருச்சு. ஜோஸ்பின் படம் மட்டுந்தான் பாக்கி. பங்குச்சாமி நேரமாச்சுன்னு கோவிச்சுக்கிறாரு. குடுப்பா."

"அது, ஜோஸ்பின் வந்து..."

"ஜோஸ்பின் மதுரையில இருக்குன்னு சாமியே சொன்னாரு. பொம்பளப் புள்ள இம்புட்டு நாள் கஷ்டப்பட்டுச் செஞ்சிருக்கு. சபையில அது பேரு கூப்பிடும்போது சுவரு காலியா இருந்தா நல்லாருக்குமா?" உள்ளே வந்து எட்டிப் பார்த்தார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "இதுதானா? என்னமோப்பா. சட்டம் எங்க? சட்டம் இல்லாட்டி மாட்ட முடியாது."

ஆணி அடித்த மாதிரி அந்தக் கேள்வி நின்றது. சுவரு காலியா இருந்தா நல்லாருக்குமா? பவுல்ராஜ் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். அளவு சரியாக இருந்த சட்டம் ஒன்றே ஒன்றுதான். அவர்கள் கல்யாணப் போட்டோவின் சட்டம். போட்டோவை எடுத்துப் பத்திரமாகத் தலையணை உறைக்குள் வைத்துவிட்டு, அட்டையின் ஓரத்தைக் கத்தரித்து உள்ளே சொருகினார். உபதேசியார் அதைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போவதை, பிரேதம் போவதைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, மீசையத் துடைங்க. தங்க மீசையா இருக்கு" என்றான் சங்கிலி.

மண்டபத்துக்குப் போவதா, அய்யலூர்ப் பக்கம் ஆட்டுச் சந்தையில் ஆடோடு ஆடாகப் போய் நின்றுவிடுவதா என்று பவுல்ராஜ் நெடுநேரம் யோசித்தார். பக்கத்துல நின்னாப் போதும் என்று அவள் சொன்னதுதான் அவரை இழுத்துக்கொண்டு போனது. எல்லாரும் சிரிப்பார்கள். அவமானப்படுவது அவளாக இருந்தால், பக்கத்தில் நிற்கிறவன் தானாக இருக்கட்டும்.

மண்டபத்தில் சுவர் நிறையப் படங்கள். கூடையில் பழம், மயில், மலையடிவாரத்தில் குடிசை, மறுபடியும் மயில். எல்லாவற்றின் முன்னாலும் இரண்டு பேர், மூன்று பேர். மூலையில் ஒரு படத்தின் முன்னால் மட்டும் திருவிழாக் கூட்டம். அது எந்தப் படம் என்று எட்டிப் பார்க்கவேண்டிய அவசியமே இல்லை.

ஜோஸ்பின் கைப்பையும் கசங்கிய சேலையுமாக வேகவேகமாக உள்ளே வந்ததும், மாதர் சங்கத்துப் பெண்கள் அவளை மொய்த்துக்கொண்டார்கள்.

"எங்கடி போன? சாமி உன் படத்தப் பத்தித்தான் பேசப் போறாரு."

படத்தருகே போக விடாமல் அவளை முன் வரிசையில் உட்கார வைத்து, சாமி பேசும்போதும் விடாமல் நான்சியின் குழந்தையைப் பற்றி இரண்டு காதிலும் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பவுல்ராஜ் தூண் பக்கம் நின்றார். பங்குச்சாமி மைக்கைத் தட்டினார்.

"அந்தக் கானாவூர் கல்யாணப் படத்துக்கு முன்னால நான் அரை மணி நேரம் நின்னேன். ஆறு கல்தொட்டி இருக்கு. அஞ்சு சின்னது, ஒண்ணு பெருசு. ஏன் பெருசு? கடைசியா வந்த ரசம்தான் ஒசத்தின்னு பந்தி விசாரிப்புக்காரன் சொன்னானே, அதுதான். நடுவுல கருநிழலா, கை ரெண்டையும் விரிச்சு நம்ம ஆண்டவர் நிக்கிறாரு. முகம் கிடையாது. தேவையும் இல்ல. இந்தப் பக்கம் நம்ம காலத்து மணமகள் தேவை விளம்பரம். அன்னைக்குக் கானாவூர்ல நின்னவர் இன்னைக்கு நம்ம வீட்டுக் கல்யாணத்துலயும் நிக்கிறாருன்னு எம்புட்டு நாசூக்காச் சொல்லியிருக்காங்க." கொஞ்சம் நிறுத்தினார். "இன்னொண்ணும் சொல்லணும். கிட்டப் போயி நின்னா, எனக்கு விருந்து வாசனையே வந்துச்சு. பிரமையா இருக்கலாம். கலைன்னா அதுதான்."

எல்லாரும் கை தட்டினார்கள். நடுவராக வந்திருந்த சின்னாளபட்டி ஓவிய ஆசிரியை இளவேனில் மைக்கை வாங்கினார்.

"அடுக்கடுக்கா வந்திருக்கு. மை, சூடு, தாள், உலோகம். யோசிச்சு யோசிச்சு இப்படிச் செய்ய முடியாதுங்க. உசுரக் கையில பிடிச்சுக்கிட்டு செஞ்சாத்தான் வரும். முதல் பரிசு ஜோஸ்பின் அம்மாவுக்கு."

பரிசு ஒரு சில்வர் அண்டா. ஜோஸ்பின் அதை இரண்டு கையாலும் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு சிரித்தாள். அதே சிரிப்பு. தெருமுனை வரைக்கும் கேட்கிற சிரிப்பு. கூட்டத்தில் கண்ணால் தேடி, தூண் பக்கம் நின்ற பவுல்ராஜைக் கண்டுபிடித்து, அவரைப் பார்த்துச் சிரித்தாள். இரண்டு மாதமாக அவர் காத்திருந்தது அதற்குத்தான். இப்போது அது வந்தும் வாங்கி வைத்துக்கொள்ள முடியவில்லை. சாப்பிட்ட பிரியாணி நெஞ்சில் நின்றது.

"வாங்க" என்று கூப்பிட்டாள். "படத்தப் பாக்க வாங்க. அங்கேயே நின்னுக்கிட்டு."

கூட்டம் விலகி வழிவிட்டது. இருவரும் படத்துக்கு முன்னால் போய் நின்றார்கள். ஜோஸ்பினின் கண் முதலில் சட்டத்தில் விழுந்தது.

"இது நம்ம கல்யாணப் போட்டோ சட்டம்ல?"

"ஆமா."

பிறகு படத்தைப் பார்த்தாள். அண்டா மெதுவாகக் கீழே இறங்கியது.

"இது..." என்றாள்.

அதற்கு மேல் அவளைப் பேசவிட்டால் தன் உயிர் போய்விடும் என்று பவுல்ராஜுக்குத் தோன்றியது. மடை திறந்துவிட்டார்.

"நான்தான் ஜோஸ்பின். எல்லாம் நான்தான். அவரைக்காய நான் தொடவே இல்ல. பிரியாணி வாங்கினேன். சாமிக்கு வந்த வாசனை தால்சா. துடைக்கப் போயி ஒரு தொட்டி அழிஞ்சிருச்சு, காப்பி டம்ளர வச்சு நான்தான் திரும்ப வச்சேன். ஆண்டவர் இல்ல அது, சங்கிலி ஹீட் கன்ல தீய வச்சது. பேப்பரு அயன் பாக்ஸுல ஒட்டுனது. ஆர்.சி. மாப்பிள்ளைய எனக்கு யாருன்னே தெரியாது. நீ ரெண்டு மாசமாச் செஞ்சத ஒரே மத்தியானத்துல நாசம் பண்ணிட்டேன். முட்டைப் பொரியல்னு சொன்னதுக்கு அப்பவே என் வாயத் தைச்சிருக்கணும். அண்டாவ வேணும்னா நான் சாமிகிட்டயே திருப்பிக் குடுத்துருறேன். நீ மட்டும் பழையபடி பேசு ஜோஸ்பின். கரண்ட் பில்லத் தவிர வேற என்னத்தையாச்சும் பேசு."

ஜோஸ்பின் படத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். இன்னும் மின்னிக்கொண்டிருந்த மீசையைப் பார்த்தாள். முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் இரண்டும் குலுங்கின.

அழுகிறாள் என்று நினைத்துப் பவுல்ராஜ் அவள் கையைப் பிடித்தார். ஊரே பார்க்கிறது என்பதுகூட அவருக்கு உறைக்கவில்லை.

அப்போதுதான் நர்கீஸ் மூச்சு வாங்க ஓடிவந்தாள். கல்யாண வீட்டு மல்லிகைப்பூ தலையில் ஆட, துண்டில் சுற்றிய தட்டையான பொட்டலம் ஒன்றைக் கையில் வைத்திருந்தாள்.

"மன்னிச்சுக்கங்கக்கா, கல்யாண வீட்டுல பிடிச்சு வச்சுக்கிட்டாக, அதான் லேட்டாயிருச்சு. இந்தாங்க உங்க கானாவூர் கல்யாணம், எங்க மாடி ரூமுல ஒரு தூசி படாமக் காஞ்சிருக்கு" என்று பொட்டலத்தை நீட்டியவள், சுவரை நிமிர்ந்து பார்த்தாள். "ஆமா, மேசையில மை ஒழுகிறக் கூடாதுன்னு நாம அடியில விரிச்சுப் போட்ட காலண்டர் அட்டைய யாருக்கா இங்க கொண்டாந்து மாட்டுனது, நம்ம பாட்டில் வச்ச தடங்கூட ரவுண்டு ரவுண்டா அப்படியே இருக்கே?"